வண்டிய நிறுத்திப்போட்டு வர்றேன்

அக்கட்ட நிறுத்தாதீங்க தம்பி. அங்க இப்ப நெழலாத்தான் இருக்கும். சித்த நேரம் போனா வெயில் திரும்பிரும், அப்பறம் சீட்டுல உக்கார முடியாது. இக்கட்ட வாங்க, என்ற வண்டிக்குப் பக்கத்துல. இந்தப் புங்கமரத்து நெழலு சாயங்காலம் வரைக்கும் நகராதுங்க. சைடு ஸ்டாண்டு போடாதீங்க, மண்ணு எளக்கம். சென்டர் ஸ்டாண்டு போட்டுருங்க. ஆ, அவ்ளோதான்.

இப்ப உள்ள போனாங்களே பச்சைச் சுடிதார், அவங்கதான உங்கூட்டம்மா? பாத்தேன். என்ற சம்சாரம் வளர்மதி வாசல் வரைக்கும் வந்து கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனா. எங்களுக்காகத்தான் அவங்க வந்திருக்காங்க. சந்தோசம்ங்க. உங்களுக்குப் பையனுங்களா? மூணு வயசு. இப்பத்தான் டாக்டரு சொன்னாரா? ம். இருக்கட்டும். பழகிப்போகும் தம்பி. மொதல்லதான் ஒரு மாதிரி இருக்கும்.

என்ற பேரு சென்னியப்பன். பனியன் கம்பெனில கட்டிங் மாஸ்டர். எம் பொண்ணு சஷ்டிகா, இதே ஸ்கூல்ல நாலாவது படிக்குது. படிக்குதுன்னா, திங்கக்கிழமையில இருந்து அனுப்ப வேண்டாம்னுட்டாங்க. அதுக்குத்தான் இன்னைக்குப் பேச்சு. கரஸ்பாண்டென்ட் வரச் சொல்லியிருக்காரு. இருக்கறதா போறதான்னு இன்னைக்கு முடிவாயிரும்.

என்ன தப்புப் பண்ணுச்சுன்னா, ஒண்ணும் பண்ணலைங்க. பெல்லுதான். கரன்ட் பெல்லு இருக்குதுல்ல, அது அடிச்சா காதைப் பொத்திட்டு ஓடும். கேட்டுக்கிட்ட ஓடியாந்துரும். ஒரு நாளு ரோட்டுக்கே வந்துருச்சு. மத்த புள்ளைக அப்பா அம்மா எல்லாம் சொல்றாங்களாம், எங்க புள்ளைக பயப்படுதுகன்னு. எங்க புள்ள ஓடறதுக்கு அவங்க புள்ளைக எதுக்குப் பயப்படுதுன்னு மதி கேட்டா. அவ கேக்கறது என்னன்னா, அந்தா பாருங்க, வராண்டாவுல பழைய தண்டவாளத் துண்டு தொங்குது. முன்னால அதைத்தான் அடிப்பாங்க. அதை அடிச்சா சஷ்டி ஓடாது. சிரிக்கும். அதையே அடிங்கங்கறா. அவ்ளோதாங்க கேக்கறது. அதுக்கு இத்தனை மாசமா நடக்குது.

தனியாப் போனா மதிக்க மாட்டாங்கன்னு பேச்சுப் பயிற்சிக்கு வர்ற அம்மாக்களுக்கெல்லாம் மெசேஜ் போட்டா. நாங்கூட யாரு வரப்போறா, அவங்கவங்க பாடு அவங்கவங்களுக்குன்னு நெனச்சேன். பாத்தா ஒரு வேன் நெறையா வந்து எறங்கறாங்க. எல்லாம் பொம்பளைக. ஆம்பளைன்னு பாத்தா நீங்களும் நானுந்தான். வேன் டிரைவரு டீக்குப் போயிட்டாரு.

நான் எந்தக் கூட்டத்தையும் விட்டதில்லைங்க. எல்லாத்துக்கும் வந்திருக்கேன். கம்பெனில லீவு குடுக்க மாட்டாங்க, சண்டை போட்டு வாங்கிட்டு வருவேன். பொண்டாட்டியும் புள்ளையும் பஸ்ஸுல இடிபட்டுப் போறதுக்கு விட்டதே இல்லை. ஒறம்பரை, சொந்தக்காரங்க ஊட்டுல எல்லாம் சொல்லுவாங்க, சென்னியப்பன் மாதிரி எவன் பாப்பான்னு.

உங்களுக்கும் இனி அலைச்சல்தான், நான் சொல்றதக் கேட்டுக்குங்க. கோயமுத்தூர்ல அந்தப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எப்படியும் அனுப்புவாங்க. உள்ளார பார்க்கிங்ல விடாதீங்க, வெளிய எடுக்கறதுக்குள்ள உசுரு போயிரும். பின்னால சந்துல ஒரு எளநிக்காரரு இருக்காரு, சொன்னா பாத்துக்குவாரு. கலெக்டர் ஆபீசுக்கு மனு நாளுக்குப் போனீங்கன்னா வெள்ளனப் போயிரோணும். இல்லாட்டி வெளி மதில் ஓரம், மொட்டை வெயில். பேச்சுப் பயிற்சி குடுக்கற எடத்துக்கு எதுத்தாப்புல நிறுத்துனா மருந்துக்கடைக்காரரு கத்துவாரு. கத்தட்டும்னு விட்டுருங்க. நாய் கொலைக்கற மாதிரிதான், கடிக்க மாட்டாரு.

உள்ள எப்படி இருக்கும்னா கேக்கறீங்க? எதுக்குள்ள? ஓ, ஆஸ்பத்திரிக்குள்ளயா. நல்லாத்தான் இருக்குமாட்ட இருக்குது. ஏசி எல்லாம் உண்டும்பா மதி.

மொதல் தடவை போனோம்ல, அன்னைக்கு வாசல்ல செக்யூரிட்டி நிக்க விடல. விசில் ஊதறான். நீ எறங்கிப் புள்ளையக் கூட்டிட்டுப் போ மதி, நான் வண்டிய நிறுத்திப்போட்டு வர்றேன்னேன். எடம் கெடைக்கணுமே. சுத்தறேன், சுத்தறேன். நிறுத்திட்டு வந்து பாத்தா மதி படியில உக்காந்திருக்கா. மடியில சஷ்டி. கையில அவளோட செருப்பு. முடிஞ்சுதுன்னு சொன்னா. என்ன சொன்னாங்கன்னேன். ஆட்டிசம்னா. மருந்து எழுதிக் குடுத்தாங்களான்னேன். மருந்து இல்லைன்னா. பார்க்கிங் டோக்கனை சஷ்டி வாயில போட்டு மென்னு போட்டா, அதுக்குப் பார்க்கிங் ஆளுகிட்ட ஒரு பேச்சு வாங்கினேன். அதுதான் எனக்கு ஞாபகம் இருக்குது. வெளுத்துப்போன மஞ்சக் கலரு டோக்கனு.

எல்லாருங் கேப்பாங்க, வெசனமா இல்லையான்னு. என்னத்தச் சொல்றது. கட்டிங் மெஷினு பாத்திருக்கீங்களா? அடுக்கி வெச்ச துணிய அறுக்கறது. நாளெல்லாம் அதைப் புடிச்சா கையி அதிர்ந்து அதிர்ந்து மரத்துப்போகும். சாயங்காலம் டீ கிளாஸப் புடிச்சா சுடுதா ஆறிப்போச்சான்னு தெரியாது. அப்படித்தாங்க இருக்குது. வலின்னு சொல்ல முடியாது. ஒண்ணுந் தெரியல, அவ்ளோதான். வேலைக்குப் போறேன், கூட்டிட்டு வர்றேன், கூட்டிட்டுப் போறேன்.

சந்தோசமே இல்லைன்னும் சொல்ல முடியாது தம்பி. சஷ்டிக்கு ஆறு வயசு வரைக்கும் ஒரு வார்த்தை வரல. அம்மாங்காது, அப்பாங்காது. ஒரு நாளு காலையில நான் வேலைக்குக் கெளம்பறேன். வாசப்படில நிக்கறா. என்ற மூஞ்சியப் பாக்கல, வண்டியப் பாக்கறா. சொல்றா, "வண்டிய நிறுத்திப்போட்டு வர்றேன்." அப்படியே! என்ற கொரலு, அதே இழுப்பு. மொதப் பேச்சே என்ற பேச்சுங்க! எந்த அப்பனுக்குக் கெடைக்கும்? அன்னைக்குக் கம்பெனி பூரா லட்டு வாங்கிக் குடுத்தேன். மதி அடுப்படில கொழாயத் தொறந்து விட்டுட்டு நின்னா. கொடம் நெறஞ்சு வழியுது, மூடல. சந்தோசத்துல அவளுக்குக் கையி ஓடல பாருங்க.

இன்னைக்கு வரைக்கும் அவ முழுசாச் சொல்றது அதுதான். சோறு, தண்ணி, பெல்லு வேண்டாம், இதெல்லாம் ஒத்தை ஒத்தையாச் சொல்லுவா. முழு வாக்கியம்னா அதுதான். வண்டின்னா அத்தனை உசுரு. நேரங்காலமே கெடையாது, எதுக்கு வேணா சொல்லுவா. கரன்ட் போனாச் சொல்லுவா. டிவில பொம்மைப் படம் முடிஞ்சாச் சொல்லுவா. பக்கத்துப் போர்ஷன்ல ஒரு புள்ள இருந்துச்சு, இவகூட வெளையாடும். அவங்க ஊட்டைக் காலி பண்ணிட்டுப் போன அன்னைக்குப் பொழுதோட பூட்டின கதவு முன்னால நின்னு அதையே சொல்லிட்டிருந்தா. சாமான் ஏத்தற டெம்போவப் பாத்தால்ல, அந்த ஞாபகம்.

தை மாசம் என்ற மாமனார் தவறிட்டாரு. சஷ்டிய அவருதான் தெனம் கடைவீதிக்குக் கூட்டிட்டுப் போவாரு. எடுக்கற நேரம், எல்லாரும் அழுதுட்டு இருக்காங்க. இவ வாசல்ல வந்து நின்னு சத்தமாச் சொல்றா, "வண்டிய நிறுத்திப்போட்டு வர்றேன்." எல்லாரும் அப்படியே நின்னுட்டாங்க. ரெண்டொருத்தரு சிரிச்சுங்கூடப் போட்டாங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. ஒண்ணுமில்லைங்க, அமரர் ஊர்தி வந்து நின்னுச்சுல்ல, வண்டியக் கண்டதுஞ் சொல்றான்னு எல்லார்த்துக்கும் எடுத்துச் சொன்னேன். மதி அன்னைக்கு அவங்கப்பனுக்கு அழுததவிட அதுக்குத்தான் அழுதா. புள்ளையக் கட்டிப் புடிச்சுட்டு, "ஆமாஞ்சாமி, ஆமாஞ்சாமி"ன்னு அழுதா.

பயிற்சி குடுக்கற ஜெஸிந்தா மிஸ்ஸு நல்ல மனுசி. அவங்க சொன்னாங்களாம், இந்தப் புள்ளைக வார்த்தை வார்த்தையாச் சேத்துப் பேசாது, ஒரு வாக்கியத்த முழுசா எடுத்து வெச்சுக்கும், அதைக் கேட்டப்ப மனசு எப்படி இருந்துச்சோ, மறுக்கா அப்படி ஆகறப்ப அதையே சொல்லும்னு. மதி ஒரு நா ராத்திரி சோறு போட்டுட்டே கேட்டா, "ஏனுங்க, அவ எப்பெல்லாம் அதைச் சொல்றான்னு கவனிச்சீங்களா?"ன்னு. ஏங் கவனிக்கல, வண்டியக் கண்டாச் சொல்றான்னேன். கரன்ட்டு போனா எந்த வண்டி வருதுன்னு கேட்டா. எனக்கென்ன தெரியும், புள்ளைக்குத் தோணுது சொல்லுதுன்னேன். அவ ரசத்தை ஊத்திப்போட்டு எந்திரிச்சுப் போயிட்டா. அவளுக்கும் அலைச்சல், கோவம் வரத்தான செய்யும். நான் அதையெல்லாம் பெருசா எடுத்துக்கறதில்லைங்க.

அந்த மிஸ்ஸு ஒருக்கா கேட்டு வரைக்கும் வந்தே கூப்பிட்டாங்க. "சார், அப்பாவும் உள்ள வந்து உக்காரலாம்"னாங்க. ஒரே விசயத்தை ரெண்டு பேரு கேட்டு என்னங் மிஸ்ஸு ஆகப்போகுதுன்னேன். அன்னைக்கு எல்லாத்துக்கும் போண்டாவும் டீயும் வாங்கி அனுப்பிச்சேன். நம்மாள முடிஞ்சது. மொதல்ல எல்லாம் மதியும் கேப்பா, உள்ள வர்றீங்களா, உள்ள வர்றீங்களான்னு. இப்பக் கேக்கறதில்லைங்க. புரிஞ்சுக்கிட்டா. எறங்கினதும் திரும்பிப் பாக்காமப் போயிருவா.

அவளைச் சொல்லோணும் தம்பி. கல்யாணம் ஆகி வரும்போது வாயில்லாப் பூச்சி. கண்டக்டர்கிட்ட மீதிச் சில்லறை கேக்க மாட்டா. இப்பச் சட்டம் பேசறா! மாற்றுத்திறனாளிப் புள்ளைய எந்த ஸ்கூலும் வெளிய அனுப்பக் கூடாதுன்னு சட்டம் இருக்குதுங்களாம். அதைப் படிச்சு, கலெக்டர்கிட்ட மனுக் குடுத்து, அங்கிருந்து ஒரு ஆபீசரை இங்க வர வெச்சா. எனக்குத் தெரியவே தெரியாது. வெளிய நிக்கறேன், ஜீப்பு வந்து நிக்குது. யாருக்கு ஜீப்புன்னு பாத்தா எங்களுக்கு.

ஆனா ஒண்ணு, பொம்பளைக கொஞ்சம் வேகமாப் போறாங்க. ஆடற மாட்ட ஆடிக் கறக்கோணும், பாடற மாட்டப் பாடிக் கறக்கோணும். கரஸ்பாண்டென்ட்டு மோசமான ஆளில்லைங்க. அவரு காரு இங்கதான் நிக்கும், இதே மரத்தடில. போன வாரம் காரெடுக்க வந்தாரு. என்னப் பாத்து, "வாங்க சென்னியப்பன், சௌக்கியமா?"ன்னாரு. பேரச் சொல்லிக் கூப்பிடறாருங்க! "உங்கூட்டம்மா ரொம்பச் சட்டம் பேசறாங்க. நீங்க தன்மையான மனுசன். இந்தப் புள்ளைக்கு இந்த எடம் ஒத்துவராதுன்னு உங்களுக்கே தெரியும். என்ன நாஞ் சொல்றது?"ன்னு கார்க்கதவப் புடிச்சுட்டு நின்னுட்டாரு. அத்தனை பெரிய மனுசன் வெயில்ல நிக்கறாரு. நான் என்னங்க சொல்ல முடியும்? "பாத்துச் செய்யுங் சார்"னேன். தோள்ல தட்டிக் குடுத்துட்டுப் போனாரு.

இல்லைங்க, மதிகிட்டச் சொல்லல. சொல்றதுக்கு என்ன இருக்குது? நம்ம பங்குக்கு ஒரு வார்த்தை போட்டு வெச்சேன். எதுக்கும் ஆகும்னு.

என்னங்க தம்பி அப்படிப் பாக்கறீங்க? பாத்துச் செய்யுங்கன்னா, நல்லபடியாச் செய்யுங்கன்னு அர்த்தம். எல்லாருக்கும் தெரியுமே.

இருங்க, போனு. அவதான்.

சொல்லு மதி... ம்... யாரு, கரஸ்பாண்டென்ட்டா?... அப்படியா சொல்றாரு?... இல்ல மதி, நான் எப்பச் சம்மதம்னேன்? பாத்துச் செய்யுங்கன்னுதான்... ம்... அழுவாத... சரி... எல்லார் முன்னாலயுமா?... ம்... சரி. சரிங்கறேன்ல. இதா வர்றேன். வண்டிய...

கேட்டுச்சுங்களா தம்பி? பின்னால சஷ்டி. நான் "வண்டிய"ங்கறதுக்குள்ள அவ முழுசாச் சொல்லிப் போட்டா! எத்தனை புத்தி பாருங்க. போனுல மூஞ்சி தெரியுதா என்ன, நான் என்ன சொல்லப்போறேன்னு அவளுக்குத் தெரியுது. அதோட மதி போனை வெச்சுட்டா.

என்னன்னா, கரஸ்பாண்டென்ட்டு எல்லார்த்துகிட்டயும் சொல்லிட்டிருக்காராம், புள்ளைய ஸ்கூல்ல இருந்து நிறுத்திக்கறதுல அப்பாவுக்குச் சம்மதந்தான், என்கிட்டயே சொன்னாரு, அம்மாதான் கூட்டத்தச் சேத்துக்கிட்டு அடம் புடிக்கறாங்கன்னு. வந்த பொம்பளைகளுக்கு என்ன சொல்றதுன்னு தெரியலையாம். நான் வந்து இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதுமாம். ஒரே வார்த்தை, வேற ஒண்ணும் பேச வேண்டாங்கறா.

போறேன் தம்பி. போகாம இருப்பனா? புள்ள விசயம். அந்தாளு மூஞ்சியப் பாத்து எப்படிச் சொல்றதுன்னுதான்... தோள்ல தட்டினாரு. சரி, அதை விடுங்க. போறேன்.

வண்டியா? ஆமா, நிறுத்தித்தான் இருக்குது. இருந்தாலும் பாருங்க, வெயிலு திரும்பற மாதிரி இருக்குது. சீட்டு சூடாயிரும், புள்ள வந்து உக்காரும், தொடை சுட்டுரும். கொஞ்சம் தள்ளி அந்த மதிலோரம் நிறுத்திப்போட்டுப் போயிர்றேன். நெழலு நகரலைங்களா? உங்களுக்கு அப்படித் தெரியுது. எனக்குத் தெரியும்ங்க, இத்தனை வருசமா நிக்கறேன். சாவி எங்க வெச்சேன்? இந்தாதான் இருக்குது.

நீங்க எங்க எந்திரிச்சிட்டீங்க? உள்ளயா? உங்களை யாருங் கூப்பிடலையே தம்பி. சரி, போங்க, போங்க. ஆபீஸ் ரூமு எடது கைப்பக்கம்னு நெனைக்கறேன். சரியாத் தெரியல, நான் பாத்ததில்ல. உங்க வண்டிய நான் பாத்துக்கறேன்.

சஷ்டி அங்கதான் எங்காவது நிக்கும், ஊதாப் பாவாடை. அப்பா எங்கன்னு யாராச்சுங் கேட்டா நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாங்க. அவளே சொல்லிருவா.